கீழ்க்கடையில் இல்லாத குலா மலாக்கா

தட்டு என் பக்கம் நகர்ந்து வந்தது. கோபத்தில் தள்ளவில்லை. ஆபீஸில் வேண்டாத காகிதத்தை மேஜையின் அந்தப் பக்கம் ஒதுக்குவது போல, இரண்டு விரலால் ஒதுக்கினார். தட்டில் கேழ்வரகுக் களி. உருண்டையின் நடுவில் குழி செய்து முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றியிருந்தேன். ஓரத்தில் பாகற்காய் வதக்கல், தேங்காய்ப்பூ போட்ட பயற்றங்காய்ப் பொரியல். ஆவி இன்னும் அடங்கவில்லை.

“என்னது இது?”

“கேப்பைக் களிங்க.”

“அது தெரியுது. என் தட்டுக்கு எதுக்கு வந்துச்சுன்னு கேட்கிறேன்.”

“சோத்தைக் குறைக்கணும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல.”

“குறைக்கத்தான சொன்னாங்க. திரும்ப லயத்துக்குப் போகச் சொன்னாங்களா?”

எழுந்து போய்க் கை கழுவினார். சாப்பிடாத கையை எதற்குக் கழுவினாரோ தெரியாது. வெள்ளைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு படியிறங்கிவிட்டார்.

அழுதேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். நான் அழவில்லை. இரண்டு தட்டையும் நானே உட்கார்ந்து தின்று தீர்த்தேன். அந்த மாவுக்காகத் தேக்காச் சந்தையில் மாவு மில் வாசலில், மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு அரை நாள் நின்றிருந்தேன். அதை நாய்க்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் ராஜகோபால். துறைமுகத்துக் கிடங்கில் கிராணி, அதாவது எழுத்தர். நான் தனம். சிங்கப்பூரில், நோரிஸ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தோம். கீழே மளிகைக்கடை. கடைக்காரரை எல்லாரும் ராவுத்தர் என்போம்; நேரில் ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சி இருந்தது, ஆனால் பிடி தளர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரு வாசகியின் கடிதம்

இரண்டு வாரத்துக்கு முன் இந்தத் தொடரில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். கேழ்வரகுக் கூழில் குலா மலாக்காவைக் கரைத்து, தேங்காய்ப்பால் விட்டு, என் வீட்டுக்காரருக்குக் கொடுப்பேன் என்று. குலா மலாக்கா என்றால் தென்னம்பாளையில் இறக்கும் பதநீரைக் காய்ச்சி வட்டு வட்டாகச் செய்வது. நம் ஊர்க் கருப்பட்டிக்கு மலாய்க்காரத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரிக்கு மட்டும் வந்த கடிதங்கள் வேறு எதற்கும் வரவில்லை. தாத்தாவும் கப்பலும் பற்றி நான் எட்டு வாரம் எழுதியபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூழ் என்றதும் ஓடி வருகிறீர்கள்.

அதில் ஒரு கடிதம் செங்காங்கிலிருந்து வந்தது. எழுதியவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் கணவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் வெள்ளையரிசியையே நிறுத்திவிட்டாராம். சிறுதானியம், கீரை, காய், பயறு என்று பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாராம். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. ‘வெளியே கண்டதையும் தின்றுவிட்டு வருகிறார் என்று நினைக்கிறேன் அம்மா. கேட்டால் இல்லை என்று சாதிக்கிறார். உங்கள் கூழின் செய்முறையை எழுதினால் புண்ணியமாகப் போகும்.’

கடிதத்தை மடித்து வைத்தேன். இந்த வாரம் எழுத வைத்திருந்த கதை வேறு. அதைத் தள்ளி வைத்துவிட்டேன்.

வெள்ளைச் சோறு

அவர் ஏன் தட்டைத் தள்ளினார் என்பதைச் சொல்லாமல் போனால் பாவம். மனிதர் ருசிக்கு அலைகிறவர் இல்லை.

அவருடைய அப்பா ரோடு போடும் கூலிகளில் ஒருவர். கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில், ஒரே அறையில் ஆறு பேர். காலையில் கேப்பைக் கூழ், சாயங்காலம் கேப்பைக் களி. பிறகு ஜப்பான்காரன் வந்தான். கேப்பையும் போயிற்று. மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்கு. கிழங்கை அவித்து, இடித்து, ரொட்டியாக்கி, கஞ்சியாக்கி, கடைசியில் இலையையும் தின்றார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த சிங்கப்பூர்க்காரர்களில் பாதிப் பேர் பிறகு செத்தாலும் மரவள்ளியைத் தொடவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னாலே அவர் முகம் சுருங்கும்.

சண்டை முடிந்து, படித்து, கிராணி வேலை கிடைத்த அன்று அவர் செய்த முதல் காரியம் சயாம் வெள்ளையரிசி ஒரு மூட்டை வாங்கியதுதான். அவருடைய அக்கா பாக்கியம் அதை உலையில் போட, வெந்த சோற்றைக் குழம்புகூட ஊற்றாமல் தின்றாராம். கல்யாணமான புதிதில் இதை என்னிடம் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அப்படிப்பட்டவர் தட்டில்தான் நான் களியை வைத்தேன். இன்று யோசித்தால் எனக்கே கூசுகிறது. அன்று எனக்கு அது தோன்றவில்லை. அவர் உயிரை நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்ற திமிர் கண்ணை மறைத்தது.

நீலத் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீனர். அவர் சொல்வதை டிரெஸ்ஸர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் சொல்வார். மருந்து கட்டுவதும் அவர்தான், சிறுநீரைச் சோதிப்பதும் அவர்தான். கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீர். அதில் சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் கவலை. மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் சர்க்கரை கரைபுரண்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

“சோத்தைப் பாதியாக்குங்க. இனிப்பை விட்ருங்க. காய்கறி நிறையக் குடுங்க. கால்ல புண்ணு வராமப் பார்த்துக்குங்க, வந்தா ஆறாது. காலையே எடுக்க வேண்டி வரும்” என்றார் டிரெஸ்ஸர். குழாயில் பச்சை. மாத்திரையும் கொடுத்தார்கள்.

காலை எடுப்பதா? கிடங்கில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிற மனிதர் அவர். அன்றே சபதம் எடுத்தேன்.

வீட்டிலிருந்த சீனி டப்பாவைப் பக்கத்து அறைச் சீனத்தியிடம் கொடுத்தேன். ஆட்டுக்கறியை நிறுத்தினேன், மீனையும் நிறுத்தினேன். எங்கள் அடுப்பில் கவுச்சியே ஏறவில்லை. தேக்காவில் விடிகாலையில் போய் நின்று, பனி காயாத பாயம் என்கிற தண்டுக்கீரை, பீர்க்கங்காய், வாழைத்தண்டு, இளசான வெண்டைக்காய் என்று அள்ளி வருவேன். பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டி முளைக்க வைத்து, வெங்காயத்தோடு ஒரு பிரட்டு. மலாய்க்காரி கொண்டு வரும் தெம்பேயை, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டியை, மெல்லிசாக அரிந்து, மஞ்சளும் உப்பும் போட்டுக் கல்லில் சுடுவேன். தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்ட குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். கெட்டிக்காரத்தனமான சமையல்தான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

காயெல்லாம் சாப்பிட்டார். கேழ்வரகை மட்டும் தொடவில்லை. சோற்றில் கால் பங்குகூடக் குறையவில்லை.

என் வெற்றி

ஒரு நாள் கூழைக் காய்ச்சி இறக்கிவிட்டு, தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தேன். அடுப்பங்கரை நாலு குடித்தனத்துக்கும் பொது. ஜன்னல் திண்டில் யாரோ வைத்திருந்த குலா மலாக்கா ஒரு வட்டு கண்ணில் பட்டது. கேட்டு வாங்கினேன். தட்டிப் போட்டுக் கரைத்தேன். புகை வாசனையோடு கூழ் காப்பி நிறத்துக்கு வந்தது. முதல் தேங்காய்ப்பாலை மேலே விட்டேன், வாசனைக்குப் பாண்டான் இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டேன்.

என்ன இது என்று கேட்காமல் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். கிண்ணத்தைச் சாய்த்து, அடியில் இருந்ததை விரலால் வழித்தார்.

“லயத்துக் கூழ் இப்படி இருந்திருந்தா எங்கப்பனை நான் திட்டியிருக்க மாட்டேன்” என்றார். “நாளைக்கும் இதே மாதிரி செய்.”

நான் பறந்தேன். வேறு எப்படிச் சொல்ல?

இனிப்பை விடச் சொன்னார்களே, இது இனிப்பில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அன்று எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவும் கேட்டேன். சீனி ஆலையில் செய்வது, வெள்ளையாக்க என்னென்னவோ போடுவார்கள், அது ஆகாது. இது மரத்திலிருந்து இறங்குவது. பிள்ளை பெற்றவளுக்கு இதுதான், சளிக்கு இதுதான், இரத்தம் ஊற இதுதான். எங்கள் கணக்கில் அது இனிப்புகளோடு இல்லை, மருந்துகளோடு இருந்தது. படித்தவர்கள் வீட்டிலும் அப்படித்தான். டிரெஸ்ஸரிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சுக்கு போடலாமா என்று யாராவது டாக்டரைக் கேட்பார்களா?

மருந்தென்றால் தாராளம்தானே. காலையில் கூழில் இரண்டு வட்டு. பகலில் களிக்கு இதையே பாகாக்கித் தொட்டுக்கொள்ள. சாயங்காலம் கேழ்வரகுப் புட்டில் தேங்காய்ப்பூவோடு. காப்பியிலும் அதுதான். வெள்ளைச் சோறு எங்கள் வீட்டிலிருந்து ஒரேயடியாகப் போயிற்று. ராவுத்தர் எனக்கென்று ஓலையில் சுற்றிய கட்டைத் தனியாக எடுத்து வைப்பார்.

சந்தில் என்னைப் பார்த்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். புருஷனை வழிக்குக் கொண்டு வந்தவள் என்று. கேட்கச் சுகமாக இருந்தது.

செங்கல்

மூன்று மாதம் கழித்துக் குழாயில் செங்கல் நிறம் வந்தது.

டிரெஸ்ஸர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “என்னம்மா, சோத்தைக் குறைச்சீங்களா இல்லையா?”

“சோறே போடறதில்லைங்க. கேப்பையும் காயும்தான்.”

“அப்ப ஐயா வெளிய சாப்பிடறாரு” என்றார் அவர். சாதாரணமாகச் சொன்னார். அவர் தினமும் பார்க்கிற கூத்து அது.

படியேறிக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தேன்.

“எங்க சாப்பிட்டீங்க?”

“எங்கயும் சாப்பிடல.”

“குழாய் பொய் சொல்லுமா?”

“தனம், நீ போடறதைத் தவிர ஒரு வாய்கூட வெளிய சாப்பிடல. எங்கம்மா மேல சத்தியம்.”

“செத்தவங்க மேல சத்தியம் பண்றது சுலபம்.”

இதைச் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டினார். கூழைக் கொண்டு வரச் சொன்னார், குடித்தார்.

எனக்கு யார் மேல் சந்தேகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அக்கா பாக்கியம், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருந்தாள். வளர்த்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கென்று அடுக்குப் பாத்திரத்தில் சோறும் கறியும் கொண்டு வருவாள்; சோற்றை நிறுத்திய பிறகு அதை நான் அவர் தட்டுக்கு விடுவதில்லை. நான் களி கிண்டுவது தெரிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிராணிக்குக் கூலிச் சாப்பாடா என்று சந்து முழுக்கக் கேட்கப் பேசினாள். அவள்தான் மறைவாகக் கூப்பிட்டுப் போடுகிறாள் என்று நான் தீர்மானம் பண்ணிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு படியிலேயே மறித்தேன்.

“அக்கா, உங்க சோறுதான் அவரைக் கொல்லுது. எடுத்துட்டுப் போங்க.”

“என்னடி சொல்ற? அவன் என் வீட்டு வாசப்படி மிதிச்சு மூணு மாசம் ஆச்சு. நீ வேணாம்னு சொன்னதால வரமாட்டேங்கிறான். நான் எங்கேர்ந்து போடுறது?”

“அக்காவும் தம்பியும் ஒரே மாதிரி பேசறீங்க.”

அவள் மேலே அண்ணாந்து, “ராசு!” என்று கூப்பிட்டாள். அவர் அறைக்குள்தான் இருந்தார். வெளியே வரவில்லை. நான் அவரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், வந்தால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்று. அடுக்குப் பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். பிறகு பல வருஷம் நல்லது கெட்டதுக்குக்கூட அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். வீட்டில் இருந்த ஒரே பொய், காலையும் பகலும் என் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மிஸ்ஸியின் கேள்வி

செங்கல் நிறம் வருவதும் மாத்திரையைக் கூட்டுவதுமாக ஓடியது. நான் அவர் சட்டைப் பையைச் சோதிப்பேன். வாயை முகர்ந்து பார்ப்பேன். வேலை விட்டு வர கால் மணி நேரம் தாமதமானால் எந்தக் கடையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்பேன். அவர் பதில் சொல்வதையே விட்டுவிட்டார். வெளியில் ஊரே தலைகீழாகிக்கொண்டிருந்தது. கூட்டங்கள், கொடிகள், மலேசியாவில் சேர்வது, பிறகு பிரிவது. எங்கள் இரண்டு அறையில் நடந்ததெல்லாம் இந்த விசாரணைதான்.

புதுச் சப்பாத்து காலைக் கடித்தது. வலது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம். பயற்றங்காய் விதை அளவுதான் இருந்தது. மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன். ஆறவில்லை. விரல் கறுத்தது, பாதம் வீங்கியது, அறையில் ஒரு வாடை வந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, ஒரு மிஸ்ஸி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அப்போதெல்லாம் நர்சுகளை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தமிழ்ப் பெண், ஈப்போக்காரி. கையில் அட்டையும் பேனாவும். என்ன சாப்பிடுகிறார் என்று எழுத வேண்டுமாம்.

நான் மார் தட்டிக்கொண்டு சொன்னேன். கீரை, முளைப்பயறு, தெம்பே, பாகற்காய். சோறு கிடையாது, கறி மீன் கிடையாது. அவள் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லாப் பார்த்துக்கிறீங்கக்கா. கூழு உப்புப் போட்டா, இனிப்பாவா?”

“இனிப்பு வீட்டுக்குள்ளயே வராது மிஸ்ஸி. குலா மலாக்காதான்.”

பேனா நின்றது.

“எவ்வளவு போடுவீங்க?”

சொன்னேன்.

“எத்தனை வருஷமா?”

அதையும் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிப் போனது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே சொன்னேன்.

“அக்கா, அதுவும் சர்க்கரைதான்.”

“இல்ல மிஸ்ஸி, இது மரத்துலேர்ந்து…”

“எங்கேர்ந்து வந்துச்சுன்னு உடம்புக்குத் தெரியாதுக்கா.”

சின்னப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். அதட்டவில்லை, குறை சொல்லவில்லை. அதட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பேன்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்க” என்றேன். “இனிமே போடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். வராந்தா முழுக்க, தரை கழுவும் லைசால் வாடை.

குலா மலாக்காவால்தான் கால் போனது என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. வியாதி பொல்லாதது, எப்படியும் போயிருக்கலாம். இதைச் சொல்லி நானே என்னை எத்தனையோ முறை சமாதானம் செய்து பார்த்திருக்கிறேன். கால் ஒரு பக்கம் இருக்கட்டும். அவரைப் பொய்யன் என்றேனே, அதற்கு எந்த வியாதியைப் பழி சொல்வது?

“கடையில இல்லைங்க”

வீட்டுக்கு வந்தார். மாடிப்படியில் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் படியில் தன்னால் இறங்கவே இல்லை. ஜன்னலோரம்தான் அவர் உலகம்.

முதல் நாள் கூழில் உப்புப் போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அதே லயத்துக் கூழ்தான்.

“குலா மலாக்கா போடலையா?”

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

“கடையில இல்லைங்க. சரக்கு வரலையாம்.”

“சரி, வந்ததும் வாங்கு” என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.

கடை எங்கள் காலடியில் இருந்தது. ஐந்தடி என்று நாங்கள் சொல்லும் கடைமுன் நடைபாதைக்கு மேலே கூரை மறைப்பதால் ஜன்னலில் இருந்து பார்த்தால் கடை வாசல் தெரியாது. அங்கே ஓலைக் கட்டுகள் நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் இறங்கிப் போய் ராவுத்தரிடம் சொன்னேன்.

“அவர் மேலேர்ந்து குரல் குடுத்துக் கேட்டா, குலா மலாக்கா இல்லைன்னு சொல்லிடுங்க நானா.”

“ஏம்மா, நோவுல கிடக்கிற மனுஷன்கிட்ட எதுக்குப் பொய்யி?”

“அவர் நல்லதுக்குத்தான்.”

ராவுத்தர் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு, “எனக்கு இது பிடிக்கலை. உனக்காகச் சொல்றேன்” என்றார்.

மாதத்தில் ஒரு தடவையாவது அவர் ஜன்னலில் இருந்து கேட்பார். “நானா, குலா மலாக்கா வந்துச்சா?” கீழேயிருந்து பதில் வரும். “இன்னும் வரல தம்பி.” நான் அடுப்பங்கரையில் கரண்டியைப் பிடித்தபடி நிற்பேன்.

அவர் சிறுநீரைச் சீசாவில் நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்; குழாயில் நீலம் நின்றது. அடுத்த முறையும் நீலம். டிரெஸ்ஸர் சந்தோஷப்பட்டார். மாடிக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் என்னைக் கேட்டார்.

“இப்ப நான் எங்கயும் போக முடியாது. அதனாலதான் நீலமா இருக்குன்னு நினைக்கிறியா?”

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

“நான் அக்கா வீட்டுல சாப்பிடவே இல்லை, தனம். ஒரு நாள்கூட. இப்பவாவது நம்பு.”

“விடுங்க, பழசை எதுக்கு” என்றேன்.

அதுதான் நான் கொடுத்த பதில்.

மூன்று வருஷமோ நாலு வருஷமோ, தனக்குப் பிடிக்காத உப்புக் கூழையும் களியையும் குறை சொல்லாமல் தின்றார். கடைசியில் நெஞ்சு வலி வந்து இரண்டு நாள் படுத்தார். இரண்டாம் நாள் காலையில், கூழ்க் கிண்ணத்தைக் கண்டதும் கேட்டார்.

“வந்துடுச்சா?”

“இன்னும் வரலைங்க.”

அன்றைக்கே போய்விட்டார்.

பதினாறாம் நாள்

பதினாறாம் நாள் படையலுக்குப் பாக்கியம் வந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியேறினாள். காரியம் செய்தது அவள் மகன்தான். பெரிய இலை போட்டு, வெள்ளைச் சோற்றைக் குவித்து, தம்பிக்குப் பிடித்ததையெல்லாம் சுற்றி வைத்தாள்.

நான் காலையிலேயே கீழே போய்விட்டு வந்திருந்தேன். ராவுத்தர் ஓர் ஓலைக் கட்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூழைக் காய்ச்சி, இரண்டு வட்டைத் தட்டிப் போட்டு, முதல் தேங்காய்ப்பால் விட்டு, அவர் கிண்ணத்திலேயே ஊற்றி இலையோரம் வைத்தேன்.

பாக்கியம் பார்த்தாள். கிண்ணத்தைத் தூக்கினாள். பின்கட்டு ஜன்னல் வழியாக அப்படியே கவிழ்த்தாள்.

“உசிரோட இருக்கும்போது இந்தக் கேப்பையைப் போட்டுக் கொன்னது போதாதா? செத்த பிறகுமாடி?”

வந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாவம், கேழ்வரகு. அது ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் அதன் மேல் விழுந்த பழி இன்னும் போகவில்லை. நான் அதற்காகவும் வாயைத் திறக்கவில்லை. பாக்கியம் செத்தும் பல வருஷம் ஆகிறது. தம்பியை நீ கூப்பிட்டுச் சோறு போட்டாய் என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டேதான் போனாள். அவள் போடவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது.

செங்காங் வாசகிக்கு. நீங்கள் கேட்ட செய்முறை இது. கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க விடுங்கள். மறுநாள் தண்ணீர் கொதித்ததும் அதில் ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டி இறக்குங்கள். ஆறினதும் உப்பு, மோர், சின்ன வெங்காயம். வேறு எதுவும் வேண்டாம், யார் என்ன சொன்னாலும் வேண்டாம். உங்கள் டாக்டரிடம் போய், அடுப்பில் ஏறுகிற ஒவ்வொன்றையும் சொல்லுங்கள். மருந்து என்று நினைத்துப் போடுவதையும் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. வெளியே எதுவும் சாப்பிடவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார் இல்லையா? இன்று மாலை அவர் வந்ததும், நம்புகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.